திறக்காத ப்ராஜெக்ட்டை நோண்டுவதா, பழைய சேவுக்குப் போவதா?

போன வருடம் ஒரு கல்யாண வரவேற்பு வீடியோவை எடிட் செய்துகொண்டிருந்தேன். மறுநாள் காலை 11 மணிக்குப் பெண் வீட்டாரிடம் கொடுத்தாக வேண்டும். இரவு பத்தேகாலுக்கு டீ போட எழுந்தவன், மேசைக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்த ஹார்ட் டிஸ்க் வயரைக் காலால் இழுத்துவிட்டேன். எழுவதற்கு ஒரு நொடி முன்புதான் கண்ட்ரோல் எஸ் தட்டியிருந்தேன். வயரைத் திரும்பச் செருகி ப்ராஜெக்ட்டை, அதாவது எடிட்டிங் வேலை முழுவதும் பதிவாகும் ஃபைலைத் திறந்தால், ‘ப்ராஜெக்ட் சேதமடைந்திருக்கிறது, திறக்க முடியாது’ என்ற பொருளில் ஒரு சின்னப் பெட்டி வந்தது.

கடைசி ஆட்டோசேவ், அதாவது சாஃப்ட்வேர் தானாகவே எடுத்து வைக்கும் பிரதி, 9.52-க்குப் பதிவாகியிருந்தது. அரை மணிக்கு ஒரு தடவை சேவ் ஆனால் போதும் என்று நானே மாற்றி வைத்திருந்த புத்திசாலித்தனம். ஆக, போனது 23 நிமிட வேலை. அந்த 23 நிமிடத்தைக் காப்பாற்றுவதற்காக விடியற்காலை நாலரை வரை உட்கார்ந்திருந்தேன். கேஷைத் (சாஃப்ட்வேர் தன் வசதிக்குச் சேர்த்து வைக்கும் தற்காலிக ஃபைல்கள்) துடைத்தேன், சாஃப்ட்வேரை அழித்து மறுபடி போட்டேன், பேர் தெரியாத ரிப்பேர் கருவிகளையெல்லாம் இறக்கினேன். நாலரைக்குத் தோற்றுப்போய் 9.52 ஆட்டோசேவைத் திறந்து விட்ட இடத்திலிருந்து செய்தேன். 18 நிமிடத்தில் முடிந்துவிட்டது.

முதல் தடவை 23 நிமிடம் பிடித்த வேலை இரண்டாம் தடவை சீக்கிரம் முடிந்ததற்குக் காரணம் இருக்கிறது. எடிட்டிங்கில் நேரத்தைத் தின்பது வெட்டுவது இல்லை, எங்கே வெட்டுவது என்ற யோசனைதான். அந்த யோசனை ஃபைலோடு போய்விடுவதில்லை, தலைக்குள் அப்படியே இருக்கிறது. இது அன்றைக்கே உறைத்திருந்தால் பத்தரைக்குப் படுத்திருப்பேன். இந்தக் கட்டுரையை அந்த இரவுக்கான பரிகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திறக்காத ப்ராஜெக்ட்டுக்கு வைத்தியம் சொல்பவர்கள் பத்துப் பதினைந்து வழிகளை வரிசையாக அடுக்கிவிடுவார்கள். எந்த வழியை எப்போது எடுப்பது, அதில் எவ்வளவு நேரம் செலவழிப்பது, எப்போது கைவிடுவது என்ற பேச்சு வராது. நமக்குத் தெரிய வேண்டியது அதுதான். நான் தினமும் புழங்குவது அடோபி பிரீமியர் ப்ரோ என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். மற்ற சாஃப்ட்வேர்களைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம்.

உள்ளே என்ன இருக்கிறது

பிரீமியரின் ப்ராஜெக்ட் ஃபைல் ‘பிஆர்ப்ராஜ்’ என்ற எழுத்துகளில் முடியும். அதற்குள் ஒரு ஃபிரேம் வீடியோகூடக் கிடையாது. எந்த கிளிப் எந்த ஃபோல்டரில் கிடக்கிறது, அதில் எங்கிருந்து எங்குவரை எடுத்தோம், எந்த டிராக்கில் வைத்தோம், என்ன கலர் கொடுத்தோம் என்ற குறிப்புகள் மட்டும்தான். அவை எக்ஸ்எம்எல் என்ற எழுத்து வடிவில் எழுதப்பட்டு, ஜிஜிப் முறையில் சுருக்கப்பட்டிருக்கும். 400 ஜிபி ஃபுட்டேஜ் உள்ள கல்யாணத்துக்கும் ப்ராஜெக்ட் ஃபைல் சில எம்பிதான் வரும். ஆட்டத்தைக் குறைக்கும் வார்ப் ஸ்டெபிலைசர் எஃபெக்டை அள்ளிப் போட்டால் மட்டும் கொழுத்துவிடும். கேமரா ஆட்டத்தை அளந்த கணக்கெல்லாம் ப்ராஜெக்ட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்வதுதான் காரணம்.

ஆகவே திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான். ஃபைலே செத்துவிட்டது. அல்லது ஃபைல் நன்றாக இருக்கிறது, அது கூப்பிடுகிற ஏதோ ஒரு கிளிப்போ பிளக்இன் என்ற கூடுதல் கருவியோ கிராபிக்ஸ் டிரைவரோ கவிழ்த்துவிடுகிறது. அல்லது ஃபைலும் நல்லது, கம்ப்யூட்டரும் நல்லது, உங்களிடம் இருக்கும் வெர்ஷன் பழையது. ஒன்றின் மருந்து இன்னொன்றுக்கு வேலை செய்யாது. செத்த ஃபைலுக்கு நான் டிரைவர் புதுப்பித்துக்கொண்டிருந்தேன்.

எது என்று கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும். அதற்கு முன்னால் ஒரு காரியம்: ப்ராஜெக்ட் ஃபைலையும் பக்கத்தில் இருக்கும் ஆட்டோசேவ் ஃபோல்டரையும் அப்படியே வேறொரு டிஸ்க்குக்குக் காப்பி எடுத்துவிடுங்கள். இனி எதைச் செய்தாலும் காப்பியில்தான். ஆட்டோசேவ் இத்தனை பிரதிதான் என்ற கணக்கு உண்டு. கணக்கு நிறைந்ததும் பழையது அழிந்து புதியது வரும். பதற்றத்தில் எதையாவது திறந்து, மூடி, சேவ் செய்துகொண்டிருந்தால் நல்ல பிரதி ஒன்று சத்தமில்லாமல் போய்விடலாம்.

இப்போது ஃபைலின் அளவைப் பாருங்கள். 0 கேபி என்றால் பேச்சே இல்லை, அதற்குள் எதுவும் கிடையாது. டிஸ்க் நிறைந்திருக்கும்போது சேவ் செய்தால் இப்படி ஆவதுண்டு. அளவு ஒழுங்காகத் தெரிந்தால் அந்தக் காப்பியை ரைட் கிளிக் செய்து ஒரு ஜிப் ஃபைலாகச் சுருக்குங்கள். வேடிக்கையாக இருக்கும், ஆனால் எனக்குத் தெரிந்த மிகச் சுலபமான பரிசோதனை இதுதான். நல்ல ப்ராஜெக்ட் ஃபைல் ஏற்கெனவே சுருக்கப்பட்டது. பிழிந்த துணியை மறுபடி பிழிந்தால் என்ன வரும்? 5 எம்பி போட்டால் கிட்டத்தட்ட 5 எம்பியாகவே நிற்கும். 5 எம்பி ஃபைல் ஜிப்பில் வெறும் 5 கேபியாகச் சுருண்டுவிட்டால், உள்ளே பூஜ்யத்தைத் தவிர ஒன்றும் இல்லை என்று பொருள். சேவ் ஆகும்போது மின்சாரம் போனாலோ வயர் பிடுங்கப்பட்டாலோ டிஸ்க்கில் இடம் ஒதுக்கப்பட்டு, எழுத வேண்டியது எழுதப்படாமலே நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் பெயர், தேதி, அளவு எல்லாம் சரியாக இருக்கும். பாத்திரம் இருக்கிறது, சோறு இல்லை.

கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்பவர்கள் நோட்பேட் பிளஸ் பிளஸ் என்ற எழுத்து எடிட்டரில் திறந்து பாருங்கள். வரிசை வரிசையாகக் கறுப்புப் பெட்டியில் ‘நல்’ (என்யுஎல், வெறும் பூஜ்யம்) என்றே வந்துகொண்டிருந்தால் முடிந்தது கதை. ஃபைலின் பைட்டுகளை எண்ணாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டர் பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னும் சுலபம்: முதல் இரண்டு பைட் ‘1எஃப் 8பி’ என்று இருந்தால் அது ஜிஜிப் ஃபைல், உயிர் இருக்க வாய்ப்பு உண்டு.

உயிர் இருக்கிறது என்றால் அடுத்து, சுருக்கிய ஃபைலைப் பிரிக்கும் 7-ஜிப் என்ற கருவி. ரைட் கிளிக் செய்து ஆர்க்கைவாகத் திறந்து, உள்ளே இருப்பதை வெளியே எடுங்கள். தகராறு எதுவும் இல்லாமல் வந்துவிட்டால் ஃபைல் முழுசாக இருக்கிறது. ‘எதிர்பாராத இடத்தில் தரவு முடிந்துவிட்டது’ என்று புகார் சொன்னால் பாதியில் அறுந்திருக்கிறது. ஜிஜிப் ஃபைலின் கடைசி எட்டு பைட்டில் சரிபார்ப்பு எண்ணும் அளவும் இருக்கும், அதை வைத்துத்தான் 7-ஜிப் இதைக் கண்டுபிடிக்கிறது. வெளியே எடுத்த எழுத்து ஃபைலின் கடைசி வரியையும் பாருங்கள், அது ‘பிரீமியர்டேட்டா’ என்ற குறியை மூடுகிற வரியாக இருக்க வேண்டும்.

பாதியில் அறுந்த ஃபைலைக் கையால் தைத்துவிடலாம் என்று தோன்றும். நான் முயன்றிருக்கிறேன். ஒவ்வொரு கிளிப்பும் ஒவ்வொரு எஃபெக்டும் எண்களால் ஒன்றையொன்று சுட்டிக்கொண்டிருக்கும். அறுந்த பகுதியில் இருக்கும் எண்ணை மிச்சப் பகுதி தேடிக்கொண்டே இருக்கும். குறிகளை ஒழுங்காக மூடிவிட்டாலும் பிரீமியர் ஏற்பதில்லை. எந்தெந்த ஃபுட்டேஜ் பயன்பட்டது என்ற பட்டியலை அதிலிருந்து உருவலாம், அவ்வளவுதான். அறுந்ததையும் செத்ததோடு சேர்த்துவிடுங்கள்.

ஆட்டோசேவ்: முதல் கதவு

ஃபைல் செத்தது உறுதியானால் நேராக இங்கே வாருங்கள். ப்ராஜெக்ட் இருக்கும் ஃபோல்டரிலேயே, வேறு இடம் கொடுக்காமல் இருந்தால், ஆட்டோசேவ் என்ற பெயருடன் ஒரு ஃபோல்டர் இருக்கும். ஒவ்வொரு பிரதியின் பெயரிலும் தேதியும் நேரமும் இருக்கும். ஆகப் புதியதை எடுங்கள். அதுவும் திறக்காவிட்டால் அதற்கு முந்தையது.

இதில் ஒரு பொறி உண்டு. ஆட்டோசேவ் ஃபைலை இருந்த இடத்திலேயே திறந்து வேலையைத் தொடர்ந்தால், அந்த ஃபோல்டருக்குள் இன்னொரு ஆட்டோசேவ் ஃபோல்டர் முளைக்கும். இரண்டு நாள் கழித்து எது அசல், எது பிரதி என்று யாருக்கும் தெரியாது. எடுக்கும் பிரதியை மேலே பழைய இடத்துக்குக் காப்பி செய்து, புதுப் பெயர் கொடுத்து, அப்புறம் திறங்கள்.

பக்கத்தில் ஆட்டோசேவ் ஃபோல்டரே இல்லை என்றால் மனதை விடாதீர்கள். எதை எங்கே சேமிப்பது என்று சொல்லும் ஸ்கிராட்ச் டிஸ்க் அமைப்பில் வேறு இடம் கொடுத்திருக்கலாம். கம்ப்யூட்டர் முழுவதும் ‘பிஆர்ப்ராஜ்’ என்று தேடி, தேதி வாரியாக அடுக்கிப் பாருங்கள். ப்ராஜெக்ட் ஃபோல்டர் கூகுள் டிரைவோடு இணைந்திருந்தால் பழைய பதிப்புகள் அங்கே இருக்கும், 30 நாள் அல்லது 100 பதிப்பு வரை வைத்திருப்பார்கள். விண்டோஸில் ஃபைல் ஹிஸ்டரி, மேக்கில் டைம் மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் ஒரு கதவு.

இந்த வழிக்கு ஆகும் நேரம் ஐந்து நிமிடம். கூடவே, இழந்த வேலையைத் திரும்பச் செய்யும் நேரம். மற்ற எல்லா வழிகளையும் இந்தக் கூட்டுத்தொகையோடுதான் ஒப்பிட வேண்டும். ‘செய்த வேலையை மறுபடி செய்வதா’ என்ற கோபம் வரும். அந்தக் கோபம்தான் என்னை நாலரை வரை உட்கார வைத்தது.

ஃபைல் நல்லது, ஆனால் திறக்க மாட்டேன் என்கிறது

இது வேறு ரகம். லோடிங் பட்டை பாதி வரை ஓடி நிற்கும், அல்லது சாஃப்ட்வேர் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடும். சேதம் என்ற பெட்டியெல்லாம் வராது. நேற்றைய ஆட்டோசேவும் அதே இடத்தில் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் குற்றம் பெரும்பாலும் ப்ராஜெக்ட்டில் இல்லை, வெளியே இருக்கிறது. இங்கே ஆட்டோசேவுக்கு ஓடிப் பயனில்லை, ஏனென்றால் அதே கிளிப்பை அதுவும் கூப்பிடும்.

முதலில் செய்ய வேண்டியதைச் சொன்னால் சிரிப்பீர்கள்: ஃபுட்டேஜ் ஃபோல்டரின் பெயரை மாற்றிவிடுங்கள். ‘கல்யாணம்’ என்று இருந்தால் ‘கல்யாணம்1’. இப்போது ப்ராஜெக்ட்டைத் திறந்தால் பிரீமியர் ஒரு கிளிப்பையும் கண்டுபிடிக்காமல் எல்லாவற்றையும் எங்கே என்று கேட்கும். ஆஃப்லைன் என்று சொல்லிவிட்டுத் தொடருங்கள். டைம்லைன் முழுக்கச் சிவப்புத் திரையாக, ஆனால் திறந்துவிட்டதா? அப்படியானால் ஏதோ ஒரு மீடியா ஃபைல்தான் வில்லன். ஒவ்வொரு சப்ஃபோல்டராக லிங்க் கொடுத்துக்கொண்டே வாருங்கள், எதில் கவிழ்கிறதோ அதைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடுங்கள். என்னிடம் ஒரு முறை மாட்டியது, உறவுக்காரப் பையன் போனில் எடுத்து அனுப்பிய நாற்பது நொடி வீடியோ, அதுவும் அரைகுறையாக டவுன்லோட் ஆனது. அதை ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் கருவியில் போட்டுப் புதிய ஃபைலாக மாற்றி வைத்ததும் பிரச்சினை தீர்ந்தது.

ஃபுட்டேஜ் இல்லாமலும் கவிழ்ந்தால் அடுத்தது, காலியான புதிய ப்ராஜெக்ட் ஒன்றை உருவாக்கி அதற்குள் பழைய ப்ராஜெக்ட்டை இம்போர்ட் செய்வது. முழு ப்ராஜெக்ட் வேண்டுமா, தேர்ந்தெடுத்த சீக்வென்ஸ் (ஒரு தனி டைம்லைன்) மட்டுமா என்று கேட்கும். முழுதாகக் கேட்டுக் கவிழ்ந்தால், தேவையான சீக்வென்ஸை மட்டும் கேளுங்கள். கடைசி நேரத்தில் எல்லாரும் உருவாக்கும் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘ஃபைனல் கடைசி’ வகையறாக்களில் ஒன்று கெட்டிருக்கும், நல்லதை மட்டும் இழுத்துவிடலாம். ரிப்பேர் என்று சொல்லக்கூடியவற்றில் எனக்கு அதிகம் பலித்தது இதுதான்.

அப்புறம்தான் சாஃப்ட்வேர் பக்கம். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டே பிரீமியரைத் திறந்தால் விருப்ப அமைப்புகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். பிறர் தயாரித்த பிளக்இன்களை ஃபோல்டரோடு தற்காலிகமாக வேறு இடத்துக்கு நகர்த்திப் பாருங்கள். படத்தைக் கணக்கிட்டுக் காட்டும் ரெண்டரரை ‘சாஃப்ட்வேர் மட்டும்’ என்று மாற்றிப் பார்த்தால் கிராபிக்ஸ் கார்டு மீதான சந்தேகம் தீரும். மீடியா கேஷை அழிப்பதால் நஷ்டம் இல்லை, மறுபடி உருவாகிவிடும், ஆனால் பெரிய ப்ராஜெக்ட்டில் அதற்கே நேரம் பிடிக்கும். சாஃப்ட்வேரை அழித்து மறுபடி போடுவதைப் பலர் முதல் வைத்தியமாகச் சொல்கிறார்கள். எனக்கு அது கடைசிக்கும் கடைசி. ஒரு மணி நேரம் போய்விடும், போட்ட பிறகும் அதே கிளிப் அங்கேயே காத்திருக்கும்.

இன்னொரு சில்லறை விஷயம். ப்ராஜெக்ட் திறக்கிறது, ஆனால் எதையும் மாற்ற விடவில்லை என்றால் பக்கத்தில் ‘பிஆர்லாக்’ என்று முடியும் குட்டி ஃபைல் இருக்கிறதா பாருங்கள். ப்ராஜெக்ட்டை யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள் என்பதற்கான பூட்டு அது. கவிழ்ந்தபோது கழற்றாமல் போயிருக்கலாம். வேறு யாரும் திறக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு அதை அழித்தால் போதும்.

வெர்ஷன் தகராறு

‘இது புதிய வெர்ஷனில் சேவ் செய்யப்பட்டது’ என்று வந்தால் மகிழ்ச்சியடையுங்கள். ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை. கிரியேட்டிவ் கிளவுட் சந்தா இருந்தால் புதிய வெர்ஷனை, பழையதை அழிக்காமலே, பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம். நேர்மையான வழி, சேதாரம் இல்லாத வழி.

கம்ப்யூட்டர் புதிய வெர்ஷனைத் தாங்காது, அல்லது கடையில் எல்லோரும் பழையதிலேயே இருக்கிறார்கள் என்றால்தான் எக்ஸ்எம்எல் அறுவை சிகிச்சை. 7-ஜிப்பில் எடுத்த எழுத்து ஃபைலைத் திறந்தால் மேலே நாலைந்து வரிக்குள் ‘ப்ராஜெக்ட்’ என்று தொடங்கும் வரி ஒன்று இருக்கும். அதன் முடிவில் வெர்ஷன் என்று ஒரு எண். அதை 1 என்று மாற்றி, சேவ் செய்து, மறுபடி ஜிஜிப்பாகச் சுருக்கி, பழைய பெயர் முடிவைக் கொடுங்கள். பழைய பிரீமியர் ‘பழைய ப்ராஜெக்ட், மாற்றட்டுமா’ என்று அப்பாவியாகக் கேட்டுத் திறந்துவிடும்.

கட், டிராக், இசை எல்லாம் பெரும்பாலும் அப்படியே வரும். பழைய வெர்ஷனுக்குத் தெரியாத எஃபெக்ட் வராது. 2021-இல் மாறிய கேப்ஷன் முறையில் செய்த சப்டைட்டிலை அதற்கு முந்தைய வெர்ஷனில் எதிர்பார்க்காதீர்கள். டைட்டில்களை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். இந்த வேலையைச் செய்து தருவதாகச் சில இணையதளங்கள் ஃபைலை ஏற்றச் சொல்கின்றன. ப்ராஜெக்ட்டுக்குள் உங்கள் ஃபோல்டர் பெயர்கள், வாடிக்கையாளர் பெயர் எல்லாம் எழுத்தாகவே இருக்கின்றன. இரண்டு நிமிட வேலைக்கு அதை ஏன் யாரிடமோ கொடுக்க வேண்டும்?

ப்ராஜெக்ட்டை அனுப்பும் ஆள் பக்கத்திலேயே இருக்கிறார் என்றால் அவரையே ஃபைனல் கட் எக்ஸ்எம்எல்லாக எக்ஸ்போர்ட் செய்து தரச் சொல்லலாம். டாவின்சி ரிசால்வ் உட்படப் பல எடிட்டிங் சாஃப்ட்வேர்களில் அது திறக்கும். ஆனால் கிளிப்பும் கட்டும்தான் ஒழுங்காக வரும், லுமெட்ரி என்ற பிரீமியரின் கலர் கருவியில் செய்ததும் டைட்டில் வேலைப்பாடும் வழியிலேயே விழுந்துவிடும். எனக்கு இது பிடிப்பதில்லை. எண்ணை மாற்றும் வித்தையில் இதைவிட அதிகம் மிஞ்சுகிறது.

எல்லாக் கதவும் மூடியிருந்தால்

ஃபைல் செத்தது, ஆட்டோசேவும் இல்லை. இரண்டு வழி மிச்சம்.

ஒன்று டேட்டா ரெகவரி. ஃபோட்டோரெக் என்ற இலவசக் கருவி டிஸ்க்கைத் துருவி அழிந்த ஃபைல்களை எடுக்கும். பெயர் எதுவும் திரும்பி வராது. எடுத்த குவியலில் ஜிஜிப் ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து எது நம்முடையது என்று தேட வேண்டும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்காக இருந்து, அதில் அதற்குப் பின் எதுவும் எழுதாமல் இருந்தால் நம்பிக்கை வைக்கலாம். எஸ்எஸ்டியில் ட்ரிம் என்ற ஏற்பாடு அழித்த இடத்தைச் சீக்கிரமே துடைத்துவிடுவதால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். எந்த டிஸ்க்கிலிருந்து மீட்கிறீர்களோ அதே டிஸ்க்கில் மீட்டதைச் சேவ் செய்யாதீர்கள். இதற்கு ஒரு இரவு ஒதுக்க வேண்டும், அதனால் சில நாள் உழைப்பு போயிருந்தால் மட்டும் இந்தப் பக்கம் வாருங்கள்.

இன்னொன்று பலருக்குத் தோன்றுவதே இல்லை: எக்ஸ்போர்ட் செய்த வீடியோவிலிருந்து டைம்லைனைத் திரும்பக் கட்டுவது. வாடிக்கையாளருக்குப் பார்க்க அனுப்பிய டிராஃப்ட் எங்காவது இருக்கும், வாட்ஸ்ஆப்பிலாவது. அதைப் புதிய சீக்வென்ஸில் போட்டு சீன் எடிட் டிடெக்‌ஷனை ஓட்டுங்கள். 2020-இல் பிரீமியரில் வந்த வசதி இது. ஒவ்வொரு ஷாட் மாறும் இடத்திலும் தானாகவே கட் போட்டுவிடும். ஒரு ஷாட் கரைந்து இன்னொன்றாக மாறும் டிசால்வ் போட்ட இடங்களில் தடுமாறும், அவற்றை மட்டும் கையால் வெட்டுங்கள். பிறகு அசல் ஃபுட்டேஜைக் கீழ் டிராக்கில் வைத்து, மேலே இருக்கும் டிராஃப்ட்டின் பிளெண்ட் மோடை (கீழே உள்ள படத்தோடு கலக்கும் விதம்) ‘டிஃபரன்ஸ்’ என்று மாற்றுங்கள். இரண்டும் ஒரே ஃபிரேமில் பொருந்தும்போது படம் கிட்டத்தட்டக் கறுப்பாகிவிடும். ஒரு ஃபிரேம் தள்ளிப்போனால் முகங்களின் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். மணமகள் மூக்குத்தி இரண்டாகத் தெரிகிறதா, இன்னும் ஒரு தட்டு தட்டுங்கள். ஐந்து நிமிட ஹைலைட்டை இப்படி அரை நாளில் கட்டிவிடலாம். மூன்று மணி நேர முழு வீடியோவுக்கு நினைக்கவே வேண்டாம்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: ப்ராஜெக்ட் உண்மையிலேயே தேவையா? நல்ல தரத்தில் மாஸ்டர் எக்ஸ்போர்ட் இருக்கிறது, வாடிக்கையாளர் கேட்டதோ பெயரில் ஓர் எழுத்துத் திருத்தமும் பெரியப்பா சாப்பிடும் ஷாட்டை எடுப்பதும்தான் என்றால், அந்த மாஸ்டரையே டைம்லைனில் போட்டு அந்த இரண்டு இடத்தை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடலாம். திறக்காத ப்ராஜெக்ட் அப்படியே தூங்கட்டும்.

மற்ற வீடுகளில் எப்படி

டாவின்சி ரிசால்வில் கதையே வேறு. ப்ராஜெக்ட் தனி ஃபைலாக இருக்காது, ப்ராஜெக்ட் லைப்ரரி என்ற தரவுத்தளத்துக்குள் இருக்கும். வேலை செய்யச் செய்ய லைவ் சேவ் பதிந்துகொண்டே போகும். ப்ராஜெக்ட் பேக்கப் என்று தனியாக ஒரு வசதி உண்டு. அது ஓடினால் வழக்கமான அமைப்பில் 10 நிமிடத்துக்கு ஒன்று, கடந்த 8 மணி நேரத்துக்கு மணிக்கொன்று, கடந்த 5 நாளுக்குத் தினமொன்று என்று பிரதிகள் இருக்கும். ப்ராஜெக்ட் மேனேஜரில் ரைட் கிளிக் செய்து எடுத்துக்கொள்ளலாம். அது டிக் ஆகியிருக்கிறதா என்பதை இன்றைக்கே பார்த்துவிடுங்கள். ரிசால்வில் அதிகம் பேர் மாட்டுவது வெர்ஷன் மாற்றத்தில். புதிய பெரிய வெர்ஷன் லைப்ரரியை மேம்படுத்தட்டுமா என்று கேட்கும், சரி என்றால் பழைய வெர்ஷனால் அதைத் திறக்க முடியாது. சரி சொல்வதற்கு முன் லைப்ரரிக்கே ஒரு பேக்கப் எடுங்கள்.

ஃபைனல் கட் ப்ரோவில் வாழ்க்கை எளிது. மாற்றம் இருந்தால் 15 நிமிடத்துக்கு ஒரு முறை தானாகவே பேக்கப் எடுத்து, மூவீஸ் ஃபோல்டரில் ஃபைனல் கட் பேக்கப்ஸ் என்ற இடத்தில் வைக்கும். லைப்ரரியைத் திறக்கும் மெனுவிலேயே ‘பேக்கப்பிலிருந்து’ என்ற வாசல் உண்டு. அதில் இருப்பது ப்ராஜெக்ட் விவரம் மட்டும்தான், ஃபுட்டேஜ் இல்லை.

கேடன்லைவ் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேர் வைத்திருக்கும் ஆட்களுக்கு ஒரு அனுகூலம்: ப்ராஜெக்ட் ஃபைல் சுருக்கப்படாத வெறும் எக்ஸ்எம்எல். நேராக நோட்பேடில் திறந்து எது தவறு என்று பார்க்கலாம், கெட்டுப்போன ஒரு கிளிப்பின் வரியை நீக்கிக்கூடப் பார்க்கலாம். மெனுவில் பேக்கப் ஃபைலைத் திறக்கும் வசதியும் இருக்கிறது. 2020 ஆகஸ்டில் வந்த 20.08-இல் தசமப் புள்ளி எழுதும் முறையை மாற்றியதால், அதற்குப் பிந்தைய ப்ராஜெக்ட்டுகள் முந்தைய வெர்ஷன்களில் திறப்பதில்லை.

கணக்கு

எனக்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். ஆட்டோசேவுக்குப் போனால் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான வேலைதான் போகிறது என்றால் வேறு எதையும் யோசிப்பதில்லை, காப்பி எடு, திற, செய். அரை நாள் வேலை போகிறது என்றால் பத்து நிமிடப் பரிசோதனை. ஃபைலுக்கு உயிர் இருந்தால் ஃபோல்டர் பெயர் மாற்றம், இம்போர்ட் இரண்டுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம், போனில் அலாரம் வைத்து. அலாரம் அடித்தால் எந்தக் கட்டத்தில் இருந்தாலும் விட்டுவிட வேண்டும். இதை நானாக விட்டதில்லை. அசிஸ்டன்ட் தம்பிதான் வந்து, ‘அண்ணே, அலாரம் அடிச்சு அஞ்சு நிமிஷம் ஆச்சு’ என்று எழுப்பிவிடுவான். சில நாள் உழைப்பு என்றால் மட்டும் ரெகவரி வரை போவேன், அதுவும் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி.

வாடிக்கையாளர் நாளைக்குக் கேட்கிறாரா அடுத்த மாதமா என்பதும் கணக்கில் வர வேண்டும். நாளைக்கே என்றால், சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் பின்னால் போகும் வழியைத்தான் எடுப்பேன். அதில் நேரம் எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே தெரியும். ரிப்பேரில் எப்போது முடியும் என்று தெரியாது, முடியுமா என்றும் தெரியாது.

இப்போது ஆட்டோசேவ் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று, வேறொரு டிஸ்க்கில் பதிவாகிறது. பெரிய கல்யாணங்களைப் பிரீமியரில் 2020-இல் வந்த புரொடக்‌ஷன்ஸ் முறையில் நிச்சயதார்த்தம், வரவேற்பு, முகூர்த்தம் என்று தனித்தனிச் சின்ன ப்ராஜெக்ட்டுகளாகப் பிரித்துவிடுகிறேன். ஒன்று போனால் ஒன்றுதான் போகும். ஹார்ட் டிஸ்க் வயரை மேசைக் காலோடு சேர்த்து இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறேன்.

அன்றைக்கு வீடியோ 11 மணிக்குப் போய்ச் சேர்ந்தது. மாலையில் பெண்ணின் அப்பா போன் செய்தார். மறுபடி செய்த பகுதியில் ஏதாவது விட்டுப்போய்விட்டதோ என்று பதறிப்போய் எடுத்தேன். டைட்டிலில் தன் இனிஷியல் இல்லை என்பதுதான் அவர் சொன்ன ஒரே குறை. அது நான் ஒரு வாரத்துக்கு முன்பே செய்த டைட்டில். கெட்டுப்போன ப்ராஜெக்ட்டை ‘அப்புறம் பார்க்கணும்’ என்ற ஃபோல்டரில் வைத்திருந்தேன். இந்தக் கட்டுரைக்காக அதை எடுத்து ஜிப் செய்து பார்த்தேன். 4.6 எம்பி ஃபைல், 5 கேபிகூட வரவில்லை.